நன்னீர் மீன்களைத் தாக்கும் வைரஸ் நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளத்திலோ தொட்டியிலோ மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதக்கும்போது, வளர்ப்பவர் முதலில் கேட்பது “என்ன மருந்து போடலாம்?” என்பதுதான். காரணம் வைரஸாக இருந்தால் அதற்கு விடை கசப்பானது: மீனின் உடலுக்குள் புகுந்த வைரஸை அழிக்கப் பண்ணையில் பயன்படுத்தத்தக்க மருந்து எதுவும் இல்லை. ஆனால் வைரஸ் உடலில் எதைக் கெடுக்கிறது, மீன் கடைசியில் எதனால் சாகிறது என்பது விளங்கினால், செய்யக்கூடியவையும் செய்யக்கூடாதவையும் தெளிவாகிவிடும். மீன் வளர்ப்போரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு அந்த நோக்கிலேயே இங்கு விடை எழுதியிருக்கிறேன்.

வைரஸ் மீனின் உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது?

மனிதத் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. உயிருள்ள செல்லில் மட்டுமே பெருகக்கூடிய வைரஸுக்கு அங்கே வேலை இல்லை. மீனின் தோல் அப்படிப்பட்டதன்று. செதிலுக்கு மேலேயும் உயிருள்ள செல்கள் மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் காவலாக இருப்பது கோழை மட்டுமே. அந்தக் கோழையில் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள் உண்டு. அது இடைவிடாமல் சுரந்து, ஒட்டியவற்றையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகும். வலையால் அள்ளும்போதும், நெரிசலில் மீனோடு மீன் உரசும்போதும், மீன்பேனும் அட்டையும் கடிக்கும்போதும் கோழை அகன்று, அடியிலுள்ள செல்கள் வெளியே தெரிய வருகின்றன.

சாதாக் கெண்டையையும், அழகுக்கு வளர்க்கப்படும் அதன் வகையான கோய் மீனையும் தாக்கும் கோய் ஹெர்பிஸ் வைரஸ், சுருக்கமாகக் கே.எச்.வி., செவுள் வழியாகவே நுழைகிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஒளியை உண்டாக்கும் மரபணு ஒன்றை வைரஸில் சேர்த்து, அது கலந்த நீரில் கெண்டைகளை வைத்து, உடலின் எந்தப் பகுதி முதலில் ஒளிர்கிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வில் முதலில் ஒளிர்ந்தது தோல், அதிலும் குறிப்பாகத் துடுப்புகளை மூடியிருக்கும் தோல். தீனியோடு வைரஸை உட்கொண்ட கெண்டைகளில், தொண்டைப் பற்களைச் சூழ்ந்த சவ்வே நுழைவாயில் என்பது பிறகு தெரியவந்தது. செத்த மீனைப் பிற மீன்கள் கொத்தித் தின்ன விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

வைரஸ் வகைக்கு ஏற்ப செவுள், குடல் ஆகியவையும் வழியாகின்றன. தாய்மீனிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் வைரஸ்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம்.

உள்ளே புகுந்தபின் என்ன நடக்கிறது?

செல்லின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் புரதத்தைக் கண்டால் வைரஸ் அதில் ஒட்டி உள்ளே போகிறது. செல்லின் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான வைரஸ்களை உருவாக்குகிறது. செல் செத்து உடைகிறது அல்லது செயலற்றுப் போகிறது. நுழைந்த இடத்தில் பெருகியவை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அதன் பிறகு எந்த உறுப்பு சேதப்படும் என்பது, எந்த வகைச் செல்களில் அந்த வைரஸ் நன்றாகப் பெருகுமோ அதைப் பொறுத்தது.

சால்மன், ட்ரௌட் குஞ்சுகளைத் தாக்கும் ஐ.எச்.என். (தொற்றும் இரத்தத்திசு அழிவு நோய்) வைரஸ் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் உள்ள இரத்தம் உண்டாக்கும் திசுவை அழிக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வி.எச்.எஸ். (வைரஸ் இரத்தக்கசிவு நோய்) வைரஸ் இரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் தசையிலும் கண்ணிலும் உள்ளுறுப்புகளிலும் இரத்தம் கசிகிறது. ஐ.பி.என். (தொற்றும் கணைய அழிவு நோய்) வைரஸ் கணையத்தைச் சிதைக்கிறது. திலாப்பியா ஏரி வைரஸ் மூளையிலும் கல்லீரலிலும் குடிகொள்கிறது. கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாக மாறியிருப்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

மீனின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல் இங்கே சேர்க்க வேண்டும். பாலூட்டிகளில் எலும்பு மஜ்ஜை செய்யும் வேலையை மீனில் சிறுநீரகத்தின் முன்பகுதி செய்கிறது. இரத்த அணுக்களும் நோயை எதிர்க்கும் அணுக்களும் பிறப்பது அங்கேதான். ஆகவே சிறுநீரகத்தைத் தாக்கும் வைரஸ் ஒரே அடியில் இரத்தசோகையை உண்டாக்கி, நோய் எதிர்ப்பாற்றலையும் பறித்து, கழிவு வெளியேற்றத்தையும் குலைத்துவிடுகிறது.

அப்படியானால் மீன் உண்மையில் எதனால் சாகிறது?

மீன் வளர்ப்போர் எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது என்று நான் நினைக்கிறேன். பல வைரஸ் நோய்களில், வைரஸ் காயப்படுத்துகிறது. மீனைக் கொல்வது அது நீந்திக்கொண்டிருக்கும் நன்னீரே.

நன்னீர் மீனின் இரத்தத்தில் கரைந்துள்ள உப்புகளின் அடர்த்தி கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதைச் சூழ்ந்துள்ள ஆற்று நீரிலோ ஏரி நீரிலோ பெரும்பாலும் அதில் நூறில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்வதும், உப்பு குறைந்த பக்கத்துக்கு உப்பு கசிவதும் இயற்கை. எனவே நன்னீர் மீனின் உடலுக்குள் நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. உப்பு ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மீன் இதை மூன்று விதமாகச் சமாளிக்கிறது. தோலும் செவுளின் மேற்படலமும் அணைபோல் நின்று கசிவைக் குறைக்கின்றன. சிறுநீரகம் மிக நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றுகிறது. ட்ரௌட் மீன் ஒரு நாளில் வெளியேற்றும் சிறுநீர் அதன் உடல் எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம். செவுளில் உள்ள சிறப்புச் செல்கள், நீரில் இருக்கும் சிறிதளவு சோடியத்தையும் குளோரைடையும் ஆற்றலைச் செலவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

இப்போது கே.எச்.வி. தாக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: தோல், செவுள், சிறுநீரகம். மூன்று காவல்களும் ஒரே நேரத்தில் விழுகின்றன. நோயுற்ற கெண்டைகளின் இரத்தத்தை ஆய்ந்தபோது சோடியத்தின் அளவு கடுமையாகக் குறைந்திருந்தது. உப்பை இழந்து நீர்த்துப்போன இரத்தத்தோடு இதயமும் நரம்பும் தசையும் நெடுநேரம் இயங்க முடியாது. கூடவே செவுள் அழிவதால் ஆக்சிஜன் உட்செல்வது குறைகிறது. அம்மோனியா வெளியேறுவதும் பெரும்பாலும் செவுள் வழியாகவே என்பதால் அந்த நஞ்சும் உடலில் தேங்குகிறது.

இந்த விளக்கம் சரியானது என்பதை வேறொரு நோய் அழகாகக் காட்டுகிறது. 1970-களில் ஜப்பானில் முதலில் அறியப்பட்ட கெண்டை நீர்க்கோவை வைரஸ், பாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அது செவுளை வீங்கச் செய்யும்; மீன்கள் தூங்குவதுபோல் தரையில் சாய்ந்து கிடக்கும். அந்தக் கோய் மீன்களை 0.5 சதவீத உப்புநீரில், அதாவது லிட்டருக்கு 5 கிராம் உப்பு கரைத்த நீரில் வைத்தால் சாவு வெகுவாகக் குறைகிறது. உப்பு வைரஸைக் கொல்வதில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான உப்பு வேறுபாட்டைக் குறைத்து, செவுள் தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். எல்லா வைரஸுக்கும் இது பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தக்குழாய்களோ மூளையோ சேதப்பட்ட மீனை உப்பால் காப்பாற்ற முடியாது.

வயிறு வீங்குவதும் கண் பிதுங்குவதும் எதனால்?

மேலே சொன்ன அதே நீர்தான் காரணம். சிறுநீரகம் செயலிழந்தால் ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் வயிற்றறையிலும் கண்ணின் பின்புறத்திலும் தேங்குகிறது. இரத்தக்குழாய்களின் சுவர் ஓட்டையானால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் சேர்ந்து கசிகிறது. ஆனால் பாக்டீரியா நோய்களிலும் இதே தோற்றம் வரும் என்பதால், வீக்கத்தை மட்டும் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்ட முடியாது.

கே.எச்.வி. தாக்கிய மீன் எப்படி இருக்கும்?

முதல் நாள் தெரிவது உடலில் நோயின் அடையாளங்களைவிட நடத்தையில் மாற்றமே. கூட்டத்தைவிட்டு விலகிய ஒன்றிரண்டு மீன்கள் தண்ணீர் வந்து விழும் இடத்தருகே, தலையை மேலாக்கி, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தீனி போட்டால் திரும்பிப் பார்க்காது. அப்படிப்பட்ட மீனை ஈரக்கையால் தொட்டால் சில இடங்களில் வழுவழுப்பு மிகுந்தும், சில இடங்களில் கோழையே இல்லாமல் உப்புத்தாள்போல் சொரசொரப்பாகவும் இருக்கும். கண்கள் பிதுங்குவதற்குப் பதிலாகக் குழிக்குள் அமிழ்ந்திருக்கும். கெண்டையில் குழிவிழுந்த கண்ணைப் பார்த்தவுடன் இந்த நோயை நினைக்க வேண்டும். செவுள்மூடியை மெல்லத் தூக்கினால், நலமான மீனில் சிவந்த சீப்பின் பற்கள்போல் வரிசையாக நிற்கும் செவுள் இழைகள் இங்கே திட்டுத்திட்டாக வெளுத்து, நுனி அரித்து, தடித்த கோழையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

நீர் 22 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் தொற்றிய ஒரு வாரத்தில் சாவு தொடங்கி, அடுத்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை செத்துவிடும். இழப்பு 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதே குளத்தில் உள்ள பிற இன மீன்கள் நலமாக நீந்திக்கொண்டிருக்க, சாதாக் கெண்டையும் கோயும் மட்டும் சாவது இந்த நோயின் அடையாளங்களில் முக்கியமானது. தண்ணீர் நஞ்சானால் அப்படி இனம் பார்த்துக் கொல்லாது.

ஆண்டின் ஒரு பருவத்தில் மட்டும் ஏன் வருகிறது?

மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் உயிரன்று. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். ஒவ்வொரு வைரஸுக்கும் பெருகுவதற்கு ஏற்ற வெப்ப எல்லை ஒன்று உண்டு. மீனின் நோய் எதிர்ப்பாற்றலும் வெப்பத்தைப் பொறுத்தே வேகமெடுக்கிறது. இவ்விரண்டின் வேகமும் எந்த வெப்பத்தில் வைரஸுக்குச் சாதகமாக விலகுகின்றனவோ அந்தப் பருவமே நோய்க்காலம்.

கெண்டையின் வசந்தகால வைரஸ் நோய் இதற்கு நல்ல சான்று. 1971-இல் யூகோஸ்லாவியாவில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த வைரஸ், நீர் ஏறத்தாழ 10 முதல் 17 டிகிரி வரை இருக்கும் காலத்தில் கொல்கிறது. குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் மெலிந்த மீன்கள். பனி விலகி நீர் சற்றே வெதுவெதுப்பாகியதும் வைரஸ் பெருகத் தொடங்குகிறது. எதிர்ப்புப் புரதங்களைப் போதுமான அளவு உருவாக்க மீனுக்கோ இன்னும் வெப்பம் வேண்டியிருக்கிறது. அந்தச் சில வாரங்களே வைரஸின் காலம். நீர் 20 டிகிரியைத் தாண்டியபின் புதிய சாவு அரிது.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வி.எச்.எஸ். குளிர்நீர் நோய், 15 டிகிரிக்கு மேல் அரிது. கே.எச்.வி. பெரும்பாலும் 18 முதல் 28 டிகிரிக்குள். புல்கெண்டையின் இரத்தக்கசிவு நோயும், வாய்க்கால் கெளுத்தியின் (சேனல் கேட்ஃபிஷ்) ஹெர்பிஸ் நோயும் 25 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நாட்களுக்கு உரியவை.

மீனுக்குக் காய்ச்சல் வருமா?

ஒரு வகையில் வரும். 24 முதல் 32 டிகிரி வரை வெவ்வேறு வெப்பத்தில் நீர் நிரப்பி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீந்திச் செல்லும்படி இணைத்த அறைகளில் கே.எச்.வி. தொற்றிய கெண்டைகளை விட்டபோது, அவை தாமாகவே 32 டிகிரி அறையைத் தேடிப் போயின, பிழைத்தும் கொண்டன. 24 டிகிரியில் அடைத்து வைக்கப்பட்டவை செத்தன. 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மீனை வெந்நீர் தேடச் செய்யும் சமிக்ஞைப் புரதத்தை இடைமறித்துப் பிடிக்கும் ஒரு புரதத்தை வைரஸ் தானே சுரந்து, மீன் நகர்வதைத் தாமதப்படுத்துகிறது. மரபணு அளவில் ஹெர்பிஸ் வைரஸ்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான இது, ஏறத்தாழ 2,95,000 எழுத்துகள் கொண்ட தன் மரபுச் செய்தியில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட தந்திரங்களுக்கென்றே வைத்திருக்கிறது.

அப்படியானால் தொட்டி நீரைச் சூடாக்கிக் குணப்படுத்தலாமே?

கோய் வளர்ப்போர் சிலர் நீரை 30 டிகிரி வரை உயர்த்துகிறார்கள். சாவு நிற்பதும் உண்மை. ஆனால் நின்றது சாவு மட்டுமே, தொற்று அன்று. பிழைத்த மீனின் உடலில் வைரஸ் ஓசையின்றித் தங்கிவிடுகிறது. அந்த மீனை “குணமானது” என்று நம்பி வேறு குளத்தில் விடுவதால்தான் நோய் ஊர்விட்டு ஊர் போகிறது. மேலும், வெப்பம் ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். ஏற்கெனவே செவுள் அழிந்த மீனுக்கு அதுவே எமனாகலாம். பாக்டீரியாக்களும் வெந்நீரில் வேகமாகப் பெருகும். ஒரே ஒரு தொட்டி, அதிலிருந்து மீனோ நீரோ எங்கும் போகப்போவதில்லை என்றால் மட்டுமே இதை எண்ணிப் பார்க்கலாம். அப்போதும் காற்றூட்டத்தை மிகுதியாக்கிய பிறகே.

பிழைத்த மீன் எவ்வளவு காலம் நோயைப் பரப்பும்?

ஹெர்பிஸ் வகை வைரஸ்கள் அனைத்தையும் வாழ்நாள் தொற்றாகக் கருதுவதே பாதுகாப்பு. கே.எச்.வி. வெள்ளையணுக்களில் மறைந்திருந்து, இடமாற்றம், நெரிசல், வெப்ப மாற்றம் போன்ற அழுத்தம் வரும்போது மீண்டும் பெருகி நீரில் உதிர்கிறது. ஐ.பி.என். தாக்கிப் பிழைத்த ட்ரௌட்டும் நெடுங்காலம் வைரஸைச் சுமந்து, கழிவிலும் இனப்பெருக்க நீர்மங்களிலும் வெளியேற்றிக்கொண்டிருக்கும். பார்வைக்கு இவற்றில் ஒரு குறையும் தெரியாது. கொழுத்து, பளபளத்து, முதல் ஆளாகத் தீனிக்கு ஓடிவரும் மீனே குளத்தை அழிக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ள வளர்ப்போருக்கு மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உண்மை அதுவே.

குஞ்சுகள் மட்டும் கொத்துக்கொத்தாகச் சாவது ஏன்?

எதிர்ப்பு அணுக்கள் முழுமையாக வளராத பருவத்தில் வைரஸ் முந்திக்கொள்கிறது என்பதே பொதுவான காரணம். ஐ.பி.என். வைரஸ், முதன்முதலாகத் தீனி எடுக்கத் தொடங்கும் குஞ்சுகளைக் குறிவைக்கிறது. அவை தம் நீளவாக்கில் திருகாணிபோல் சுழன்று நீந்திச் சாகும். ஐ.எச்.என். தாக்கிய குஞ்சின் கழிவுத்துவாரத்திலிருந்து வெளிர்நிற நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். வாய்க்கால் கெளுத்தியின் ஹெர்பிஸ் நோய் முதல் ஆண்டுக் குஞ்சுகளை, பெரும்பாலும் நான்கு மாதத்துக்கு உட்பட்டவற்றைக் கொல்கிறது. வளர்ந்த கெளுத்திகள் தொற்றைச் சுமந்தாலும் நோயைக் காட்டுவதில்லை.

பிறப்பும் இதில் பங்கு வகிக்கிறது. ஒரே தொட்டியில், ஒரே வைரஸுக்கு ஆளான சால்மன் குஞ்சுகளில் சில குடும்பங்கள் அழிய, சில குடும்பங்கள் நிற்பதை ஆராய்ந்தபோது, ஐ.பி.என். எதிர்ப்பின் பெரும்பகுதி ஒரே ஒரு மரபணு இடத்தைச் சார்ந்திருப்பது தெரியவந்தது. அந்த இடத்தைப் பார்த்துத் தாய்மீன்களைத் தேர்ந்தெடுத்ததால் சால்மன் பண்ணைகளில் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. மருந்தும் தடுப்பூசியும் தந்ததைவிட இந்தத் தேர்வு தந்த பலன் பெரிது என்றே சொல்வேன்.

ஆன்டிபயாட்டிக் போடலாமா?

வைரஸுக்கு அது எதுவும் செய்யாது. வைரஸ் உண்டாக்கிய புண்களில் ஏரோமோனஸ் போன்ற பாக்டீரியா புகுந்திருப்பது ஆய்வகத்தில் உறுதியானால், மீன் மருத்துவர் அதற்கென்று பரிந்துரைக்கலாம். ஆய்வு இல்லாமல் போடும் ஆன்டிபயாட்டிக், வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று அம்மோனியாவை ஏற்றுகிறது. செவுள் நொந்த மீனுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

தோலில் மணிகளோ மெழுகுத் திட்டுகளோ தெரிகின்றன. இதுவும் சாவில் முடியுமா?

பெரும்பாலும் முடியாது. துடுப்பில் வெண்மணிகள்போல் திரளும் லிம்போசிஸ்டிஸ், இரிடோவைரஸ் வகையைச் சேர்ந்த ஒன்றால் வருகிறது. அது தாக்கிய செல் சாகாமல் பருக்கத் தொடங்குகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள செல் ஒரு மில்லிமீட்டர் வரை வளர்ந்துவிடும். கைக்கண்ணாடி இல்லாமலே நீங்கள் பார்க்கும் அந்த மணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே ஒரு செல். சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். வெட்டி எடுக்க வேண்டாம். கெண்டை அம்மை என்னும் மெழுகு உருகி விழுந்தாற்போன்ற தடிப்பும் இப்படித்தான்: குளிரில் தோன்றி, நீர் வெதுவெதுப்பானதும் மறையும், அடுத்த குளிரில் திரும்பவும் வரும். பார்வைக்கு அழகைக் கெடுக்குமே தவிர, வளர்ந்த மீனைக் கொல்வது அரிது.

வைரஸ்தான் என்பதை எப்படி உறுதி செய்வது?

கண்ணால் உறுதி செய்ய முடியாது. முதலில் நீரின் ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரைட், அமில-கார நிலை ஆகியவற்றை அளந்து, தோல் கோழையையும் செவுளையும் நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டுண்ணி இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை, அல்லது மீன் செல்களை வளர்த்து அவற்றில் வைரஸைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நிகழ்கிறது. செத்து மிதந்து வெளுத்த மீன் எதையும் சொல்லாது. மீனின் திசு நீரில் விரைவாக அழுகிவிடும். சாகும் தறுவாயில் உள்ள, உயிருள்ள மீன்களே வேண்டும். ஆய்வகத்தை முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் உயிரோடும், இல்லையேல் பனிக்கட்டிமேல் குளிர்வித்தும் அனுப்ப வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறையவிட்டால் திசு கிழிந்து நுண்ணோக்கி ஆய்வுக்கு உதவாமல் போகும். செவுள், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றையே முதலில் ஆய்வார்கள். திலாப்பியா என்றால் கல்லீரலையும் மூளையையும் சேர்ப்பார்கள். கே.எச்.வி., வசந்தகால வைரஸ் நோய், வி.எச்.எஸ்., ஐ.எச்.என். போன்றவை உலக விலங்குநல அமைப்பின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் உள்ளவை. உறுதியானால் உரிய அரசுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த நோய்கள் கண்டம்விட்டுக் கண்டம் போனது எப்படி?

உயிர்மீன் வழியாகத்தான். 1998-இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கெண்டைகளையும் கோய்களையும் கொத்தாகக் கொன்ற கே.எச்.வி., 2002-இல் இந்தோனேசியாவிலும் 2003-இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரிப் பண்ணைகளிலும் வெடித்தது. 2004-இல் பிவா ஏரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கெண்டைகள் செத்தன. அழகுக்காக வாங்கி விற்கப்படும் கோய் மீன் உலகமெங்கும் பறக்கும் பண்டம் என்பதால், அதனுள் இருந்த வைரஸும் பறந்தது.

இஸ்ரேலில் கலிலேயக் கடல் எனப்படும் நன்னீர் ஏரியில் 2009 முதல் திலாப்பியா பிடிப்பு சரிந்துகொண்டே வந்தது. அதன் காரணம் புதிய வைரஸ் என்பது 2014-இல்தான் விளக்கப்பட்டது. பிறகு ஈக்வடார், எகிப்து, தாய்லாந்து என்று பல நாடுகளில் அது கண்டறியப்பட, 2017-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. புதுக் குஞ்சுகளைக் கூண்டில் விட்ட ஒரு மாதத்துக்குள் சாவது இந்நோயின் வழக்கமான போக்கு.

பண்ணையில் மட்டும் நிற்கும் நோய் என்று எண்ண வேண்டாம். 2005-இல் ஒன்டாரியோ ஏரியின் ஒரு விரிகுடாவில் நன்னீர் டிரம் மீன்கள் கூட்டமாகச் செத்தபோது, வி.எச்.எஸ். வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் புகுந்துவிட்டது தெரிந்தது. அங்கே 25-க்கும் மேற்பட்ட இனங்களில் அது காணப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு அப்பகுதியின் உயிர்மீன் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியது. இயற்கை ஏரியில் புகுந்தபின் எந்த அரசாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

தடுக்க என்ன செய்யலாம்?

புதிய மீனைத் தனித்தொட்டியில் குறைந்தது ஒரு மாதமாவது வைப்பதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. ஆனால் வெறுமனே காத்திருப்பது போதாது. நோய் வெளிப்படும் வெப்பத்தில் வைக்க வேண்டும்; கெண்டைக்கும் கோய்க்கும் அது 22 முதல் 25 டிகிரி. 14 டிகிரி நீரில் ஆறு மாதம் வைத்தாலும் கே.எச்.வி. தன்னைக் காட்டாது. உங்கள் குளத்து மீன் ஒன்றிரண்டை அந்தத் தொட்டியில் சேர்த்து விட்டுப் பாருங்கள். மறைந்திருக்கும் தொற்று அவற்றில் நோயாக வெளிப்படக்கூடும். அந்த மீன்களைப் பலியாகக் கொடுப்பதுபோல் தோன்றும். குளம் முழுவதையும் கொடுப்பதைவிட அது மேல்.

வலை, வாளி, குழாய் ஆகியவை ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாக இருக்க வேண்டும். கொழுப்புறை போர்த்திய கே.எச்.வி. போன்றவை குளோரினுக்கும் அயோடினுக்கும் வெயிலில் நன்றாக உலர்த்துவதற்கும் எளிதில் அடங்கும். மீன் இல்லாத நீரில் சில நாட்களிலேயே அது வீரியம் இழக்கிறது. உறை இல்லாத ஐ.பி.என். வைரஸ் பிடிவாதமானது, நீண்ட நாள் தாங்கும். அழுக்கும் கோழையும் ஒட்டிய வலையில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது என்பதால் முதலில் தேய்த்துக் கழுவி, பிறகே நனைக்க வேண்டும்.

சால்மன், ட்ரௌட் முட்டைகளை லிட்டருக்கு 100 மில்லிகிராம் அயோடின் கிடைக்கும் அயோடோஃபோர் (அயோடின் கலந்த கிருமிநாசினி) கரைசலில் 10 நிமிடம் நனைப்பது பொரிப்பகங்களின் நிலைத்த வழக்கம். முட்டையின் மேற்பரப்பில் ஒட்டிவரும் ஐ.எச்.என். வைரஸை அது பெரும்பாலும் நீக்கிவிடும். முட்டைக்குள்ளேயே இருக்கக்கூடிய ஐ.பி.என். வைரஸை நீக்காது. அதனால் தாய்மீன்களையே சோதித்துத் தேர்வது தவிர வேறு வழியில்லை.

தடுப்பூசி இருக்கிறதா?

சில நோய்களுக்கு, சில நாடுகளில் இருக்கிறது. இஸ்ரேலில் வீரியம் குறைத்த கே.எச்.வி. தடுப்பூசி பயன்பட்டது, சீனாவில் புல்கெண்டைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், கனடாவில் 2005-இல் ஐ.எச்.என். நோய்க்கு டி.என்.ஏ. தடுப்பூசி அனுமதி பெற்றது. ஊசி போடும் அளவுக்கு மீன் வளர்வதற்குள் நோய் வந்துவிடுவதும், லட்சக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க வேண்டியிருப்பதும் பெரிய தடைகள்.

மனிதருக்கு இது தொற்றுமா?

தொற்றாது. மீன் வைரஸ்கள் மனிதரில் நோய் உண்டாக்கியதாக அறியப்படவில்லை; அவை குளிர்ந்த உடலில் வாழப் பழகியவை. ஆனால் நோயுற்ற மீனின் மேலும் தொட்டி நீரிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாகப் புகக்கூடும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

செத்த மீன்களை என்ன செய்வது?

செத்தவுடன் அள்ளிவிட வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு முறையாவது. செத்த மீன் ஒவ்வொன்றும் நீரில் வைரஸை உதிர்த்துக்கொண்டே இருக்கும். பறவையும் பிற மீன்களும் அதைக் கொண்டுபோகும். நீர்நிலைகளிலிருந்து விலகிய இடத்தில் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்கலாம், அல்லது எரிக்கலாம். சாகாத மீன்களை “பிழைத்தால் பிழைக்கட்டும்” என்று ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடக் கூடாது. குளத்தின் நீரையும் கிருமி நீக்காமல் வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது. குளோரின் இட்டு, உரிய நேரம் நிறுத்திவைத்து, குளோரின் முழுவதும் அடங்கிய பிறகே வெளியேற்ற வேண்டும்.